ஒன்பதாவது ரீல்

என் அக்கா ஞானசௌந்தரியின் புருஷன் ராயப்பன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அம்மா "சினிமா கம்பெனியில உத்தியோகம்" என்பாள். மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டாள். அக்கா "பொட்டிகூடப் போய் வருவாரு" என்று முடித்துக்கொள்வாள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். கூட வேலை செய்கிறவர்களிடம், சம்பளம் வாங்கிக்கொண்டு படம் பார்க்கிற ஒரே மனிதர் எங்கள் மாமாதான் என்று சொல்வேன். அவர்களும் அதை நம்பி, அங்கே இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

அவர் வினியோகஸ்தரின் பிரதிநிதி. தியேட்டர்காரர்கள் வாயில் அது ரெப்பு. ஒரு படம் எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியோடு ரெப்பும் போக வேண்டும். எல்லா ரீலும் இருக்கிறதா, வரிசையாக ஓட்டுகிறார்களா, வந்த கூட்டத்தைத் தியேட்டர்காரர் குறைத்துச் சொல்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, கடைசி நாளன்று பெட்டியைப் பூட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டும். ராயப்பன் 1982லிருந்து எட்டு வருஷம் இதைச் செய்தார். வீடு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்குப் பின்னால். ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி, திருவள்ளூர் என்று சுற்றுவார். கழுத்தில் மாதா உத்தரியக் கயிற்றோடு படப்பெட்டியின் சாவியும் தொங்கும். குளிக்கும்போதுகூட இரண்டையும் கழற்ற மாட்டார்.

அவருக்கு வேலை கொடுத்தவர் பாஸ்கரன். அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் ஆபீஸ் வைத்திருந்தார். பெரிய நடிகர் படம் வாங்குகிற அளவுக்கு அவருக்கு வசதி கிடையாது. 1983ல் யாரும் சீண்டாத ஒரு படத்தைத் துணிந்து வாங்கினார். அதுதான் 'பருந்துராஜா'.

இன்றைக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தோல் முகமூடி, குடைத்துணியில் தைத்த மாதிரி இரண்டு இறக்கை, இடுப்பில் பித்தளைப் பெல்ட். சூரிய வெளிச்சம் பட்டால் பருந்துராஜாவுக்கு நூறு ஆள் பலம் வரும். இருட்டில் அடைத்தால் பலம் போய்விடும். வில்லனுக்கு இந்த ரகசியம் ஒன்பதாவது ரீலில் தெரியவரும். பாதாள அறையில் தள்ளிப் பூட்டுவான், பருந்துராஜா துவண்டு விழுவான், அவன் தாய் வெளியே கதறுவாள். கடைசியில் ஒரு கல் விழுந்து, அந்த ஓட்டை வழியே வெயில் உள்ளே வரும்.

சிரிப்பவர்கள் அந்தக் காலத்துக் கூட்டத்தைப் பார்க்கவில்லை. அம்பத்தூரில் எழுபது நாள் ஓடியது. எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பையன்கள் துண்டைக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த காட்சிக்கு நேரமாகிறது என்று ஆபரேட்டர் ஒன்பதாவது ரீலை விட்டுவிட்டுப் பத்தாவதைப் போட்டுவிட்டார். முந்தின நாள் பார்த்தவர்களும் உள்ளே இருந்தார்கள். "ஒம்போதாவது ரீலு எங்கடா?" என்று ஒருவன் கத்த, ஐந்நூறு பேர் எழுந்து நின்றார்கள். ட்யூப்லைட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ராயப்பன் அந்த ரீல் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கூட்டத்தின் நடுவே ஓடி, "கீதுப்பா, ரீலு கீது, இப்பவே போடுறோம்" என்று கெஞ்சிய பிறகுதான் உட்கார்ந்தார்கள். சட்டை கிழிந்து வீட்டுக்கு வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அக்காதான் ஒரு வாரம் திட்டினாள்.

பாஸ்கரன் அந்தப் படத்தில் வீடு கட்டினார். இரண்டாம் பாகம் 1985ல் வந்தது. அதில் வந்த லாபத்தில் நூம்பலில் மகள் பேருக்கு ஒரு மனை வாங்கிப் போட்டார். மறுவருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் மனைவி தாட்சாயிணி அம்மாள் ஆபீஸை மூடுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த அம்மாள் பதினாறாம் நாள் கழித்து மாடியேறி வந்து, புருஷன் நாற்காலியில் உட்கார்ந்து, "பருந்துராஜா மூணாம் பாகம் எப்ப வருது?" என்று கேட்டாளாம். ராயப்பன் அதை எங்களிடம் சொல்லும்போது கண் கலங்கினார். அவருக்குச் சட்டென்று கலங்கிவிடும்.

மூன்றாம் பாகம் 1987ல் வந்தது. போட்ட பணம் வந்தது, அவ்வளவுதான். நான்காம் பாகம் 1990 பொங்கலுக்கு வந்தது, அதில் அதுவும் வரவில்லை. தியேட்டர்காரர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். டிவியில் ஞாயிறு காலை புராணத் தொடர் என்றார்கள். வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கிறார்கள் என்றார்கள். பரீட்சை என்றார்கள், மழை என்றார்கள். பொங்கலுக்கு எந்த மழை என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ராயப்பனிடம் வேறு கணக்கு இருந்தது. அது அவருக்குத் தவக்காலத்தில் கிடைத்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தவக்காலம் நாற்பது நாளும் சினிமா பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பு. பெண் கேட்டு வந்தபோதே அம்மா இதை ராயப்பனிடம் சொல்லிவிட்டாள். அவரும் பெண்ணைப் பார்த்த மயக்கத்தில் மாதா படத்தின் முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் தன் வேலையே சினிமா கொட்டகைக்குள் என்பது ஞாபகம் வந்திருக்கிறது. அவர் கண்டுபிடித்த வழி இது: சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரைக்கும், திரைக்குக் கீழே பக்கவாட்டுக் கதவோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். படம் காதில் விழும், கண்ணில் படாது. காதுக்கு விரதம் உண்டா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டதற்கு அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். முன்வரிசைக்காரர்களுக்கு இது நல்ல வேடிக்கை. "இன்னா நைனா, படம் உம் பின்னால ஓடுது" என்பார்கள். "எனக்குத் தெரியும், நீ பாரு" என்பார் இவர்.

இப்படி வருஷத்துக்கு நாற்பது நாள் ஜனங்களின் முகத்தையே பார்த்து வந்ததால், மற்ற ரெப்புகளுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்தது. முதல் பாகத்தில் பருந்துராஜாவைப் பாதாள அறையில் பூட்டும்போது ஒருத்தர் வாயும் மூடியிருக்காது. ஒன்றுக்கு வந்தால்கூட அடக்கிக்கொண்டு இருப்பார்கள். பட்டாபிராம் தியேட்டரில் கேன்டீன் வைத்திருந்த குப்பம்மாவுக்கு அந்தப் பத்து நிமிஷம் ஈ ஓட்டுகிற நேரம். இரண்டாம் பாகத்தில் அந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் எழுந்து வெளியே போனார்கள். மூன்றாம் பாகத்தில் இரண்டு வரிசை காலியானது. நான்காம் பாகம் வந்தபோது குப்பம்மா எட்டாவது ரீல் முடியும் சத்தம் கேட்டதும் அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைக்க ஆரம்பித்தாள். சரியாக ஒன்பதாவது ரீலில் போண்டா வெந்து தயாராக இருக்கும், ஜனம் வந்து நிற்கும்.

"அவன் செத்துடுவானோன்னு மொதல்ல பயந்தாங்க மச்சான்," என்றார் என்னிடம். "இப்ப ஒருத்தனும் பயப்படல. வெயிலு வரும்னு எல்லாருக்கும் தெரியும். அப்பறம் இன்னாத்துக்கு உள்ள குந்திகினு கீறது? அதான் போண்டா துன்னப் போறான்."

தாட்சாயிணி அம்மாள் ஒவ்வொரு வாரமும் அவரைக் கேட்பாள், "ஜனம் இன்னா சொல்லுது, ராயப்பா?" இவர், "நல்லாத்தான் சொல்றாங்கம்மா" என்பார். போண்டாவைப் பற்றி அந்த அம்மாளிடம் மூச்சுவிடவில்லை. புருஷன் வாங்கின படம், அந்தம்மா மனசு கஷ்டப்படும் என்பது அவர் சொன்ன காரணம். பருந்துராஜா இல்லையென்றால் ஆபீஸ் இல்லை, ஆபீஸ் இல்லையென்றால் நாற்பதை நெருங்குகிற வயதில் இரண்டு பெண்பிள்ளைகளோடு இவருக்கு வேலை இல்லை என்பது சொல்லாத காரணம். இரண்டுமே நியாயமான காரணங்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

அந்த வருஷம் மார்ச் மாதம் நான்காம் பாகம் பட்டாபிராமுக்கு வந்தது. கூட்டம் சேரட்டும் என்று தியேட்டர்காரர் இரண்டாம் பாகத்தையும் வரவழைத்துக் காலைக்காட்சியாகப் போட்டார். இரண்டு பெட்டிக்கும் ராயப்பன்தான் ரெப்பு. ஆபரேட்டர் ரூமில் இரண்டு படத்தின் டப்பாக்களும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. டப்பா மூடியில் ரீல் நம்பர் பெயின்டில் எழுதியிருக்கும். எந்தப் பாகம் என்பதைக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். காகிதம் எண்ணெய்க் கையில் எத்தனை நாள் தாங்கும்? ராயப்பன் தினமும் எண்ணினார், ஒன்று முதல் பன்னிரண்டு வரை சரியாக இருந்தது. முதல் நாள் திரையைப் பார்த்திருந்தால் பிடித்திருப்பார். தவக்காலம், அவர் ஸ்டூலில் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் பாகத்தைப் பூந்தமல்லிக்கு அனுப்பப் பெட்டி கட்டும்போது, ஒன்பதாவது ரீலின் நுனியைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். 'ப.ரா. 4' என்று கீறியிருந்தது. நான்காம் பாகத்து ஒன்பதாவது டப்பாவைத் திறந்தால் அதில் 'ப.ரா. 2'. ஒரு வாரம் முழுக்கக் காலையில் இரண்டாம் பாகத்துக்கு நடுவே நான்காம் பாகத்தின் ஒன்பதாவது ரீல் ஓடியிருக்கிறது. மதியமும் சாயங்காலமும் நான்காம் பாகத்துக்கு நடுவே இரண்டாம் பாகத்தின் ஒன்பதாவது ரீல் ஓடியிருக்கிறது. ஏழு நாளில் ஒரு ஆள் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

ஆபரேட்டர் துலுக்கானம் வெலவெலத்துப் போனார். "எனுக்கு மிசின்ல கார்பன் வெளக்கு எரியுதா இல்லியானுதான் தெரியும் அண்ணாத்தே. படத்துல இன்னா ஓடுதுன்னு நான் எங்க பாத்தேன்? வெளிய சொல்லிடாத, ரெண்டு பேருக்கும் வேல பூடும்."

ராயப்பன் சொல்லவில்லை. ரீல்களை மாற்றி வைத்தார், பெட்டியைப் பூட்டினார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த வாரம் வியாழக்கிழமை நான் ஷிப்டுக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மாவுக்குத் தெரியாமல் அதே தியேட்டரில் நான்காம் பாகம் பார்த்தேன். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்க்காமல் இருப்பாரா? பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி இருந்தார். இப்போது கேட்டார், "நீ பாத்தியே மச்சான், உனக்கு ஒண்ணும் தெரியலையா?"

யோசித்துப் பார்த்தேன். நான்காம் பாகத்தில் வில்லன் மீசையை மழித்திருப்பான். இரண்டாம் பாகத்தில் கட்டை மீசை. அப்படியென்றால் பத்து நிமிஷம் மீசையோடு வந்துவிட்டு, அடுத்த ரீலில் மீசை இல்லாமல் வந்திருக்க வேண்டும். பாதாள அறை அதேதான், தாய் அதே அம்மாதான், அதே கதறல்தான். கதாநாயகிதான் பாகத்துக்குப் பாகம் வேறு ஆள், ஆனால் அவளை எட்டாவது ரீலிலேயே கட்டிப்போட்டுவிடுவார்கள், ஒன்பதாவதில் வரமாட்டாள்.

"தெரியலயே மாமா," என்றேன். வெட்கமாக இருந்தது.

"எனக்கும் தெரியல. ஏழு நாளு காதால கேட்டுகினுதான இருந்தேன்," என்றார் அவர்.

விஷயம் அத்தோடு போயிருக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் ராயப்பன் ஆபீஸுக்குப் போனபோது, நூம்பலிலிருந்து ஒரு ஆள் வந்து தாட்சாயிணி அம்மாளோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பக்கமெல்லாம் அப்போதுதான் வயலை அளந்து மனை போட்டு வீடு எழும்ப ஆரம்பித்த நேரம். வந்தவர் போனதும் அந்த அம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள்: ஐந்தாம் பாகம் எடுத்து முடித்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் பணம் கட்டினால் நமக்குத்தான். மகள் மனையை இந்த ஆளுக்கு விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். நாலாம் பாகத்தில் போனதை அஞ்சாம் பாகத்தில் எடுத்துவிடலாம்.

"நீதான் ஜனத்தோட குந்திகினு இருக்கிறவன். நீ சொல்லு ராயப்பா, வாங்கலாமா?"

இவர் வாயைத் திறந்து 'வாங்கலாம்மா' என்று சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்குச் சோறு நிச்சயம். மனை போனால் போகிறது, அது இவர் மனை இல்லை. அக்கா பின்னால் இதையேதான் கேட்டாள். நானும் கேட்டேன், எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபமே வந்தது. அவர் சொன்ன பதில், "அந்தம்மா என்னிய ஆபீஸ்காரனா நெனச்சிக் கேக்கல மச்சான்" என்பதுதான்.

ரீல் மாறியதை முழுக்கச் சொல்லிவிட்டார். ஸ்டூலைச் சொன்னார், டப்பாவைச் சொன்னார், குப்பம்மா போண்டாவைக்கூடச் சொன்னார். துலுக்கானத்தின் பேரை மட்டும் இழுக்காமல் தப்பு தன்னுடையது என்றார்.

தாட்சாயிணி அம்மாள், "பொய் சொல்ற. ஏழு நாள்ல ஒருத்தன்கூடவா பாக்கல?" என்றாளாம். ரெப்பு பெட்டியைச் சரிபார்க்கவில்லை என்கிற கோபம் அந்த அம்மாளுக்கு வரவேயில்லை. தன் புருஷன் படத்தை ஜனங்கள் பார்க்காமல் பார்த்தார்கள் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தியேட்டரில் அந்த வாரம் நான்காம் பாகம் ஓடிக்கொண்டிருந்தது. "சனிக்கெழம மேட்னிக்கு நானும் வரேன். வேணும்னே மாத்திப் போடு. ஒரே ஒருத்தன் கத்தினாலும் போதும், அஞ்சாம் பாகத்த வாங்குறேன். கத்துறான்னா இன்னும் பாக்குறான்னுதான அர்த்தம்? ஒருத்தனும் கத்தலன்னா மனைய விக்கல. ஆபீஸ மூடிடறேன்."

இப்படி ஒரு பரீட்சையை எந்த வினியோகஸ்தர் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. ராயப்பன் பூந்தமல்லிக்குப் போய், அங்கே ஓடி முடிந்து கிடந்த இரண்டாம் பாகத்தின் ஒன்பதாவது ரீலைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை, நானும் கூடப் போனேன். தவக்காலம் முடிந்துவிட்டதால் அவர் என் பக்கத்தில் திரையைப் பார்த்து உட்கார்ந்தார். தாட்சாயிணி அம்மாள் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏப்ரல் மாத வெயில், எழுபது பேர் இருப்பார்கள். நிறையப் பேர் காற்றாடிக்குக் கீழே இடம் பிடிக்க வந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு எட்டாவது ரீல் ஓடி முடிந்தது. ராயப்பன் என் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

ஒன்பதாவது தொடங்கியது. வில்லன் கட்டை மீசையோடு வந்து சிரித்தான். முந்தின நிமிஷம் மழமழவென்று இருந்த முகம். நான் முன்னால் இருந்த தலைகளைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. அசைந்த நாலைந்து பேரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். பருந்துராஜாவைப் பூட்டினார்கள். தாய் கதறினாள். இரண்டு பையன்கள் திரைக்கு முன்னால் எதையோ உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கத்துங்களேன்டா, எவனாவது கத்துங்களேன்டா என்று எனக்கும் மனசுக்குள் அடித்துக்கொண்டது. என் அக்காவும் பிள்ளைகளும் அந்த எழுபது பேரில் ஒருத்தன் வாயில்தான் இருந்தார்கள்.

கல் விழுகிற நேரம் வந்துவிட்டது. ராயப்பன் எழுந்து நின்றார்.

"டேய்! இன்னாடா இது! ரீல மாத்திப் போட்டுகினு கீறாங்கடா! இது ரெண்டாம் பாகண்டா! மீசையப் பாருங்கடா!"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. குரல் கூரையில் பட்டுத் திரும்பியது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள், திரையை இல்லை, அவரை.

"உக்காரு அண்ணாத்தே, மறைக்குது," என்றார் பின்னால் இருந்த காக்கி பேன்ட்காரர் ஒருவர்.

"வெயில்ல ஏத்திகினு வந்துகிறான் மாமே, உடு," என்றது இன்னொரு குரல். யாரோ சிரித்தார்கள். ராயப்பன் வாழ்க்கையில் சாராயத்தைத் தொட்டதில்லை.

"மீசைய பாருங்க..." என்றார் இன்னொரு தடவை, மெதுவாக. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். திரையில் ஓட்டை வழியே வெயில் வந்தது. ஒரு கைதட்டல்கூட இல்லை.

தாட்சாயிணி அம்மாள் எழுந்து வெளியே போவது தெரிந்தது. நாங்களும் போனோம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓலை நிழலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"யாரோ கத்தினாங்களே ராயப்பா. யாரு?"

யாரோ ஒருத்தன் என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. உள்ளே இருட்டு. அந்த அம்மாள் இருந்தது பெண்கள் பக்கம்.

ராயப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் அந்தக் காக்கி பேன்ட்காரர் சைக்கிளை எடுக்க வந்தார். படம் முடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ராயப்பனைப் பார்த்ததும் நின்று, சிநேகிதமாகவே கேட்டார், "இன்னா அண்ணாத்தே, எதுக்கு அப்டி கத்தின?"

"ரெண்டாம் பாகத்து ரீலப் போட்டுட்டாங்க நைனா. நீ பாக்கலையா?"

அவர் ஒரு கணம் யோசித்தார். "அப்டியா? நல்லாத்தான இருந்துச்சு," என்றார். பூட்டைத் திறந்து, ஹேண்டில்பாரில் தொங்கிய காய்கறிப் பையைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போனார்.

தாட்சாயிணி அம்மாள் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய வில்லன் வந்து தோற்கடித்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. இந்த நல்ல மனிதரை என்ன செய்வது? முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

"மனைய விக்கல ராயப்பா. அஞ்சாம் பாகம் வேணாம்."

"சரிம்மா."

"மே மாசத்தோட ஆபீஸ் ரூம காலி பண்ணிடறேன். உனக்கு ரெண்டு மாசச் சம்பளம் தரேன், அதுக்கு மேல என்னால முடியாது."

"சரிம்மா."

"நீ ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா நான் வாங்கியிருப்பேன். உனக்கும் வேல இருந்திருக்கும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

"தெரிஞ்சுதான் வந்து சொன்ன." அந்த அம்மாளின் குரல் இப்போதுதான் உடைந்தது. "அப்பறம் எதுக்குடா உள்ள எழுந்து நின்னு அப்டிக் கத்தின?"

ராயப்பன் நிமிர்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"சொன்னதும் நான்தாம்மா," என்றார். "கத்தினதும் நான்தாம்மா. எனக்கு ரெண்டு பொண்ணு கீதும்மா."

உள்ளே இன்னும் மூன்று ரீல் பாக்கி இருந்தது. படம் முடிந்து பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பி உள்ளே போனார்.